ரிட்டயர்டு பஸ்ஸை வாங்கி வீடாக்கப் போறேன்னு நிக்கிறாரு, பணம் என்னோடது – என்ன செய்ய?

கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து ஒரு டீச்சர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க, பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டதால ஊரைத் தவிர அடையாளம் தெரியிற விஷயங்களை எல்லாம் மாத்திட்டேன். சுருக்கமா விஷயம் இதுதான். டீச்சர் போன வருஷம் ரிட்டயர் ஆனாங்க. அவங்க வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவரா இருந்து அதுக்கு முன்னாடியே ரிட்டயர் ஆனவர். கடைசி சில வருஷம் அவர் ஓட்டின பஸ்ஸை கண்டம் பண்ணிட்டாங்க, அதாவது இனி ஓட வேணாம்னு கழிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டதுலேர்ந்து மனுஷனுக்குத் தூக்கம் இல்லை. அதே பஸ்ஸை வாங்கி உள்ளே கட்டில், கிச்சன், பாத்ரூம் எல்லாம் வச்சு ராமேஸ்வரத்துலேர்ந்து காசி வரைக்கும் ரெண்டு பேரும் போயிட்டு வரணும்னு ஆசை. விழுப்புரத்துல ஒரு புரோக்கர், "ஆர்சியோட (பதிவுச் சான்று) எடுத்துத் தரேன், இல்லாட்டி அதே மாதிரி ஒரு ஆம்னி பஸ் தரேன், மொத்தம் அஞ்சரை லட்சம்"னு சொல்லி ஒரு லட்சம் அட்வான்ஸ் வாங்கிட்டாரு. டீச்சரோட போன்லேர்ந்து ஜிபேல ரெண்டு தடவையா போயிருக்கு. ரசீது கிடையாது, வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் மட்டும் இருக்கு.

மீதி பிளான்: பாண்டி முத்தியால்பேட்டையில இருக்கிற டீச்சரோட தம்பி அட்ரஸ்ல பஸ்ஸைப் பதிவு பண்றது, சனி ஞாயிறுல பாண்டிக்கு வர்ற டூரிஸ்டுக்கு வாடகைக்கு விட்டு போட்ட காசை எடுக்கிறது, வீட்டு சிலிண்டரையே பஸ்ல வச்சுக்கிறது, பின்னாடி எமர்ஜென்சி கதவை அடைச்சு அங்கே பாத்ரூம் கட்டுறது. எல்லாத்தையும் எழுதிட்டு டீச்சர் கடைசியா கேட்டிருக்காங்க: "இது மொத்தமா சட்ட விரோதம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார், அவர்கிட்ட காட்டிடுறேன்."

வணக்கம் டீச்சர். அந்த ஒரு வரியை என்னால எழுதித் தர முடியாது, ஏன்னா அது பாதிதான் உண்மை. வண்டிக்குள்ளே வீடு வச்சு ஊர் சுத்தறது இந்தியாவுல சட்ட விரோதம் இல்லை. 2004-ல மத்திய அரசு எந்தெந்த வண்டி டிரான்ஸ்போர்ட் (வாடகைக்கும் தொழிலுக்கும் ஓடறது), எது நான்-டிரான்ஸ்போர்ட்னு ஒரு பட்டியல் போட்டாங்க, அதுல சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் நான்-டிரான்ஸ்போர்ட் பக்கத்துல இருக்கு. மோட்டார் கேரவனுக்குன்னு தனியா ஏஐஎஸ் 124-ன்னு ஒரு தரநிலையே இருக்கு, உட்கார இடம், மேசை, படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்கிற இடம் இதெல்லாம் இருந்தாதான் அது கேரவன்னு அதுல வரும். அதனால "கூடவே கூடாது"ன்னு நீங்க சொன்னா அவர் நாளைக்கே ஒரு யூடியூப் வீடியோவைக் காட்டி உங்க வாயை அடைச்சிடுவாரு. ஆனா அந்த புரோக்கர் சொல்ற வழியில செஞ்சா அஞ்சரை லட்சத்துக்கு நீங்க வாங்குறது ஒரு இரும்புக் குவியல், அதை மட்டும் தெளிவா சொல்ல முடியும். லெட்டரை அவர்கிட்ட மறைச்சு எழுதினேன்னு சொல்லியிருக்கீங்க, பதிலை ரெண்டு பேரும் சேர்ந்தே படிங்க, அவருக்கு சாதகமாவும் இதுல விஷயம் இருக்கு.

அவர் ஓட்டின அதே பஸ்

இது நடக்காது டீச்சர். வருத்தமாத்தான் இருக்கு. அந்த பஸ் 2008 மாடல்னு எழுதியிருக்கீங்க. 2023 ஜனவரியில மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 52ஏ-ன்னு ஒரு விதி சேர்த்தாங்க, அது 2023 ஏப்ரல் 1-லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. அரசாங்க வண்டி எதுவா இருந்தாலும், அதுல அரசு போக்குவரத்துக் கழக பஸ்ஸும் சேர்த்தி, 15 வருஷம் முடிஞ்சா ஆர்சியைப் புதுப்பிக்க முடியாது, அதுக்கு முன்னாடியே புதுப்பிச்சு வச்சிருந்தாலும் 15 முடிஞ்ச அன்னிக்கு ரத்து ஆனதாத்தான் கணக்கு. அப்புறம் அந்த வண்டி பதிவு பெற்ற ஸ்கிராப் சென்டருக்குப் போகணும். முன்னெல்லாம் கண்டம் பஸ்ஸை ஏலத்துல எடுத்து என்னென்னமோ பண்ணினாங்க, அந்தக் காலக் கதையைத்தான் புரோக்கர் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காரு.

இதுல எனக்கு பயம் எங்கேன்னா, அவர் "ஆர்சியோட தரேன்"னு சொல்றாரே, அந்த ஆர்சி யாரோடது? ஒரு வண்டியோட உடம்புல இன்னொரு வண்டியோட நம்பரை ஏத்தி விக்கிறது இந்த ஃபீல்டுல புதுசு இல்லை, பிடிபட்டா சிவில் கேஸோட நிக்காது, போர்ஜரி வரைக்கும் போகும், அன்னிக்கு வண்டி யார் கையில இருக்கோ அவங்கதான் முதல்ல ஸ்டேஷன் வாசல்ல உட்காரணும்.

ஆம்னி பஸ்ஸா இருந்தா?

தனியார் பஸ்ஸுக்கு அந்த 52ஏ விதி பொருந்தாது, எஃப்சி (தகுதிச் சான்று) இருக்கிற வரைக்கும் ஓடலாம். அதனால இது வழி இருக்கிற ஆப்ஷன், ஆனா உங்க வீட்டுக்காரர் நினைக்கிற மாதிரி "வாங்கு, வெட்டு, வெல்டிங் வை, அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ் போய் சொல்லிக்கலாம்" அப்படிங்கிற வரிசையில இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, ஆர்சியில இருக்கிற, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில கேரளாவுலேர்ந்து போன ஒரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டும் இதை இறுக்கமாவே சொல்லிடுச்சு. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாம மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை 6 மாசம் வரை ஜெயில், இல்லை ரெண்டும்னு 182ஏ பிரிவுல வச்சாங்க. ஒவ்வொரு மாற்றத்துக்கும்ங்கிறதை கவனிங்க, சீட்டை எடுத்தது ஒண்ணு, ஜன்னலை அடைச்சது ஒண்ணு, கூரையில ஓட்டை போட்டது ஒண்ணுன்னு எண்ண ஆரம்பிச்சா என்ன ஆகும்.

அதனால செய்யணும்னா இப்படி: வண்டி எந்த ஆர்டிஓல இருக்கோ அங்கே முதல்ல நேர்ல போங்க, வரைபடத்தோட எழுத்துல கேளுங்க, ஆம்னி பஸ்ஸை சொந்த உபயோக கேரவனா வகை மாத்த என்னென்ன வேணும்னு எழுத்துல பதில் வாங்குங்க. பர்மிட்டை சரண்டர் பண்ணியிருக்கணும், ஃபைனான்ஸ் இருந்தா ஃபார்ம் 35-ல கேன்சல் ஆகியிருக்கணும், சீட் கணக்குல வர்ற வரி பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. டிசைனுக்கு அங்கீகாரம் பெற்ற டெஸ்டிங் ஏஜென்சி சர்ட்டிபிகேட் கேட்பாங்க, நமக்குக் கிட்ட இருக்கிறது ஒரகடம் ஜிஏஆர்சி. ஒத்தை வண்டிக்காக இதுக்கெல்லாம் அலையிறது சுலபம் இல்லை, செலவும் உண்டு. கரூர் பக்கம் அங்கீகாரம் உள்ள பாடி கட்டுறவங்ககிட்ட "இந்த வகையில ஏற்கனவே அப்ரூவல் வாங்கின டிசைன் இருக்கா"ன்னு கேளுங்க, இருந்தா பாதி அலைச்சல் மிச்சம். உள்வேலையை ஆறு லட்சத்துக்கு முடிச்சுத் தரேன்னு பாண்டியில ஒரு பட்டறைக்காரர் சொன்னதாவும் எழுதியிருக்கீங்க, அவர் மரவேலையில கெட்டிக்காரரா இருக்கலாம், அவர்கிட்டயும் இதே கேள்வியைக் கேளுங்க, "எல்லாம் பாத்துக்கலாம் டீச்சர்"னு பதில் வந்தா எழுந்து வந்துடுங்க.

வண்டியைப் பார்க்கப் போகும்போது உங்க வீட்டுக்காரர் இஞ்சினைத்தான் முதல்ல பார்ப்பாரு, டிரைவர் கை அது, இஞ்சின் சத்தத்தை அவர் பாத்துக்கட்டும். நீங்க ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, சேசிஸ் நம்பர். பிரேம்ல பஞ்ச் பண்ணியிருக்கிற இடத்தை எமரி ஷீட்டால லேசா துடைச்சு, மேலே பேப்பர் வச்சு பென்சிலால தேய்ச்சு பிரிண்ட் எடுத்து, ஆர்சியில இருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. நம்பரைச் சுத்தி வெல்டிங் தடயமோ புது பெயிண்டோ இருந்தா பேச்சே வேணாம். ரெண்டாவது துரு. நம்ம ஊர் உப்புக் காத்துல நின்ன வண்டி வெளியே பளபளன்னு இருக்கும், வீல் ஆர்ச்சுக்கு மேலயும் பேட்டரி பாக்ஸ் பக்கத்துலயும் ஸ்க்ரூ டிரைவரால அழுத்திக் குத்தினா பொத்துன்னு உள்ளே போகும். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்து அடுத்து தென்பெண்ணையில வெள்ளம் வந்தப்போ வண்டி எங்கே நின்னுச்சுன்னும் கேளுங்க, தண்ணியில ஊறின ஒயரிங்கை நம்பி உள்ளே படுத்துத் தூங்க முடியாது. எம்பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டாலே ஆர்சி நிலவரம், எஃப்சி, இன்ஷூரன்ஸ் எதுவரைக்கும்னு தெரிஞ்சுடும், அதைப் பார்க்காம ஒரு ரூபாய் குடுக்கக் கூடாது.

லைசென்ஸ் விஷயத்துல நீங்க ஒண்ணைத் தப்பா நினைச்சிருக்கீங்க. "ரிட்டயர் ஆனவர் ஹெவி ஓட்டக் கூடாதுல்ல"ன்னு கேட்டிருக்கீங்க. அப்படி இல்லை, வேலைதான் ரிட்டயர் ஆச்சு, லைசென்ஸ் ஆகலை. டாக்டர் சர்ட்டிபிகேட்டோட 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சுக்கிட்டே போகலாம், கண்ணும் சர்க்கரையும் ஒத்துழைக்கிற வரைக்கும். பிரச்சனை என்னன்னா, பெங்களூர்ல இருக்கிற உங்க பையன் கார் லைசென்ஸை வச்சு இதை ஓட்ட முடியாது. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸுக்குக் குடுத்த சலுகை 7,500 கிலோ வரைக்கும்தான், 12 மீட்டர் பஸ் அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. நாக்பூர் பக்கத்துல அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தா அங்கேயே ஒரு ஹெவி டிரைவரைத் தேடணும்.

பாண்டி நம்பர்

"பாண்டியில வரி கம்மி"ங்கிறது நம்ம ரெண்டு ஊர்லயும் பழைய பாட்டு. சட்டம் 40-வது பிரிவுல சொல்றது, சொந்தக்காரர் எங்கே குடியிருக்காரோ, இல்லை தொழில் பண்றாரோ, வண்டி வழக்கமா எங்கே நிக்குதோ அங்கே பதிவு பண்ணணும்னு. நீங்க மஞ்சக்குப்பத்துல இருந்துக்கிட்டு, பஸ்ஸும் மஞ்சக்குப்பத்துல தூங்கிக்கிட்டு, ஆர்சியில மட்டும் முத்தியால்பேட்டைன்னு இருந்தா அது பொய் அட்ரஸ், அதுல உங்க தம்பியும் மாட்டுவாரு. 2017-ல கேரளாவுல சினிமாக்காரங்க பேரெல்லாம் அடிபட்ட கேஸ் ஞாபகம் இருக்கும், அது இதேதான், பாண்டியில குடியில்லாம பாண்டி அட்ரஸ்ல பதிவு பண்ணின காருங்க. பிஒய் நம்பர் வண்டியைத் தமிழ்நாட்டுல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா எப்படியும் இங்கே டிஎன் நம்பர் மாத்தியாகணும், அப்போ வரி இங்கேயும் கட்டணும். கன்னியக்கோவில் தாண்டி முள்ளோடை எல்லை வரும்போதெல்லாம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டறதுக்கா ரிட்டயர் ஆனீங்க ரெண்டு பேரும்?

சனி ஞாயிறு வாடகை

இதை இப்பவே விட்டுடுங்க. சொந்த உபயோகம்னு பதிவு பண்ணின வண்டியை வாடகைக்கு விட்டா பர்மிட் இல்லாம ஓட்டின கணக்கு, 192ஏ பிரிவுல முதல் தடவையே 10,000 அபராதமும் 6 மாசம் வரை ஜெயிலும் உண்டு, 207-ல வண்டியைப் பிடிச்சு வச்சுடலாம், ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிச்சுடும். வாடகை வருமானத்தை வச்சுத்தான் கணக்கு சரியாகுதுன்னா கணக்கு சரியாகலைன்னு அர்த்தம்.

சிலிண்டர், பின் கதவு

இதுல சட்டத்தை விட உயிர்தான் பெருசு. 2023 ஆகஸ்ட் 26 மதுரை ரயில்வே யார்டுல நின்ன டூரிஸ்ட் கோச்ல தீப்பிடிச்சு 9 பேர் போனாங்களே, விதியை மீறி உள்ளே சிலிண்டர் வச்சு காலையில டீ போடப் போய் வந்த வினை அது. வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை எடுத்துட்டு வந்து வண்டியில வைக்கவே கூடாது, அது வீட்டு அட்ரஸுக்குக் குடுத்த கனெக்‌ஷன். வண்டியில கேஸ் வேணும்னா அந்த டிசைன் அப்ரூவல்லயே கேஸ் எங்கே, காத்து எப்படி வெளியே போகும்னு வரணும், இல்லாட்டி இண்டக்‌ஷன் அடுப்பு. எல்பிஜி காத்தை விட கனம், கசிஞ்சா பஸ் தரையிலயே படுத்துக் கிடக்கும், ஜன்னலைத் திறந்து வச்சா மட்டும் போயிடாது.

எமர்ஜென்சி கதவை அடைக்கிற யோசனையை அவர் எப்படி யோசிச்சாருன்னே எனக்குப் புரியலை. இத்தனை வருஷம் நாப்பது அம்பது பேரை ஏத்தி இறக்கின மனுஷன், அந்தக் கதவு எதுக்குன்னு அவருக்குத் தெரியாததா. பிளைவுட், ஃபோம், ரெக்ஸின், திரைச்சீலைன்னு உள்ளே பூரா எரியிற சாமானை அடுக்கிட்டு முன்னாடி ஒரே ஒரு வழியை விட்டா எஃப்சிக்குப் போற அன்னிக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. பாத்ரூமை நடுவுல, இடது பக்கமா வைங்க. தண்ணி டேங்க்கும் ஒரே பக்கமா வேணாம், 500 லிட்டர்னா அரை டன், வண்டி ஒரு பக்கமா சாயும், இதை நான் சொல்றதை விட அவருக்கே நல்லாத் தெரியும்.

வேற என்ன வழி

மூணு சொல்றேன். ஒண்ணு, 7,500 கிலோவுக்குள்ளே இருக்கிற வேன் சைஸ்ல, முன்னாடியே கேரவன்னு ஆர்சியில பதிவாகி விற்பனைக்கு வர்றதை வாங்குறது. விலை கூடத்தான், ஆனா ஆர்சி சுத்தம், பையனும் ஓட்டலாம், மஞ்சக்குப்பம் தெருவுல திருப்ப முடியும். 12 மீட்டர் பஸ்ஸை எங்கே நிறுத்தப் போறீங்கன்னு லெட்டர்ல ஒரு வரி கூட இல்லை பாருங்க. தெருவுல மத்தவங்களுக்கு இடைஞ்சலா விட்டா 122-வது பிரிவு, அதுக்கும் முன்னாடி எதிர் வீட்டுக்காரர்.

ரெண்டு, ஒரு தடவை கேரவனை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் போயிட்டு வாங்க. மே மாசத்துல போங்க. நிறுத்தின வண்டியில ராத்திரி பூரா ஏசி ஓட எவ்வளவு பேட்டரி வேணும், கழிவுத் தண்ணியை எங்கே கொட்டுறது, உங்க முட்டிக்கு அந்தப் படி ஒத்து வருமா, எல்லாம் ஒரே வாரத்துல தெரிஞ்சுடும்.

மூணாவது எனக்குப் பிடிச்சது. நெல்லிக்குப்பம் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. ஓடி முடிஞ்ச தனியார் பஸ் ஒண்ணை, 55-வது பிரிவுல ஆர்சியை முறைப்படி கேன்சல் பண்ண வச்சு, அந்தப் பேப்பரைக் கையில வாங்கிட்டு, டிரெய்லர்ல ஏத்திக் கொண்டு போய் தோப்புல நிறுத்திடலாம். எஃப்சி கிடையாது, இன்ஷூரன்ஸ் கட்டாயம் கிடையாது, ரோட்டுல இறக்கக் கூடாது. ஆனா ஆர்சி கேன்சல் ஆன வண்டியை ஸ்கிராப் சென்டருக்குக் குடுத்தே ஆகணுமான்னு ஆர்டிஓல முதல்லயே எழுத்துல கேட்டுக்கோங்க. கரண்ட் கனெக்‌ஷனுக்கும் கட்டட அனுமதி ஏதாவது வேணுமான்னும் பஞ்சாயத்துல கேட்டுக்கோங்க. ஸ்டியரிங் அவர் கையிலயே இருக்கும், காசி மட்டும் ரயில்ல போகணும். தேவனாம்பட்டினம் பீச் பக்கம் இடம் பார்த்து வைக்கலாம்னு மட்டும் யோசிக்காதீங்க, அங்கே கடலோர ஒழுங்குமுறை விதி குறுக்கே வரும்.

யார் பேர்ல

பணம் உங்க ரிட்டயர்மென்ட் பணம், அதை எதுல போடணும்னு முடிவு பண்ற உரிமை முழுக்க உங்களோடது, சம்மதிக்கலைன்னா அதுக்கு சட்டக் காரணம் தேட வேண்டியதே இல்லை. ஆனா "பணம் என்னோடது, அதனால ஆர்சி என் பேர்ல"ன்னு எழுதியிருக்கீங்க, அதுல ரெண்டு பக்கம் இருக்கு. பேர்ல இருந்தா சொத்து உங்களோடது, அதே சமயம் ஆக்சிடென்ட் ஆகி இன்ஷூரன்ஸ் நிக்கலைன்னா நஷ்ட ஈடு கேஸ்ல ஓனரா நோட்டீஸ் வர்றதும் உங்களுக்குத்தான், உங்க சேமிப்பு வரைக்கும் கவலைப்படணும். இன்ஷூரன்ஸும், ஆர்சியில வகை மாத்தின பதிவும் பக்காவா இருந்தா மட்டும் உங்க பேர்ல வாங்குங்க.

அந்த ஒரு லட்சம்

"ரசீது இல்லை, போனது போனதுதான்"னு எழுதியிருக்கீங்க. அப்படி விட வேண்டியதில்லை. ஜிபே பதிவே பணம் போனதுக்கு சாட்சி, வாய்ஸ் மெசேஜ் எதுக்காகப் போச்சுங்கிறதுக்கு சாட்சி. அதுல "ஆர்சியோட அந்த பஸ்ஸையே தரேன்"னு அவர் சொல்லியிருக்காரு, தர முடியாத பொருளைத் தரேன்னு சொல்லி வாங்கின பணத்தைத் திருப்பிக் குடுக்கணும்னு ஒப்பந்தச் சட்டம் சொல்லுது. அந்த வாட்ஸ்அப் சாட் எதையும் டெலீட் பண்ணாதீங்க, போனை மாத்தாதீங்க, எக்ஸ்போர்ட் பண்ணி பையனுக்கு ஒரு காப்பி அனுப்பிடுங்க. மின்னணு சாட்சிக்கு இப்போ புது சாட்சியச் சட்டம் 63-வது பிரிவுல ஒரு சர்ட்டிபிகேட் வைக்கணும், அதை வக்கீல் தயார் பண்ணிக்குவாங்க.

முதல்ல நல்லவிதமா ஒரு மெசேஜ் போடுங்க: வண்டி நம்பர், ஆர்சி காப்பி, சேசிஸ் பிரிண்ட் மூணையும் ஒரு வாரத்துல அனுப்புங்க, இல்லாட்டி பணத்தைத் திருப்பி அனுப்புங்கன்னு. நிஜமான ஆளா இருந்தா அனுப்பிடுவாரு. "கேன்சல்னா பாதிதான் வரும்"னு சொன்னாருன்னா ஒத்துக்காதீங்க, தப்பு அவர் பக்கம். பதிலே வரலைன்னா வக்கீல் நோட்டீஸ். அதுக்கும் அசையலைன்னா கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம், விழுப்புரம் அலைய வேண்டாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்லை, 2 வருஷத்துக்குள்ளே போட்டுடணும். வேணும்னே ஏமாத்தினாருன்னு தெரிஞ்சா போலீஸ்ல பிஎன்எஸ் (புது குற்றவியல் சட்டம்) 318-ல மோசடிப் புகார், அது கடைசியா.

வக்கீலுக்கு எங்கே செலவு பண்றதுன்னு யோசிக்க வேணாம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல 12-வது பிரிவு. கடலூர் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100-க்குப் போன் பண்ணினாலும் வழி சொல்லுவாங்க. கேஸ் போடறதுக்கு முன்னாடியே லோக் அதாலத்துல புரோக்கரைக் கூப்பிட்டுப் பேசி முடிக்கவும் வழி இருக்கு, இந்த மாதிரி தொகைக்கு அதுதான் சீக்கிரம்.

போகும்போது ஆதார், ஜிபே ஸ்டேட்மென்ட், அந்த போன், மூணும் எடுத்துக்கோங்க. அதுவரைக்கும் புரோக்கர் என்ன சொன்னாலும், "இன்னொருத்தர் கேட்கிறாரு, இன்னிக்கே அம்பதாயிரம் போடுங்க"ன்னு நிச்சயமா சொல்லுவாரு, ஒரு ரூபாய் கூட அனுப்பாதீங்க டீச்சர்.